கிளாஸியா, மேட்டா?

பெயின்ட் கடை, டைல்ஸ் கடை, மைக்கா கடை, அச்சகம், போட்டோ ஸ்டூடியோ. எங்கே போனாலும் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பது ஒன்றுதான்: "கிளாஸியா, மேட்டா சார்?" பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் "கிளாஸியே போட்ருங்க" என்கிறார்கள். பளபளவென்று இருந்தால் கொடுத்த காசுக்குப் பொருள் வந்துவிட்டது என்று மனதுக்குள் ஒரு கணக்கு. இன்னொரு கூட்டம் வீடு அலங்கார வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் மேட்தான்" என்று அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் சாய்கிறது. இரு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றே. கிளாஸி என்ற சொல் தரத்தைப் பற்றியோ விலையைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. ஒரு பரப்பு தன்மேல் விழும் வெளிச்சத்தை எப்படித் திருப்பி அனுப்புகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அதையும் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு அர்த்தத்தில் சொல்கிறது. ஆகவே சொல்லை வைத்து ஆர்டர் கொடுக்காதீர்கள். எந்த வெளிச்சத்தில் இருக்கப்போகிறது, யார் கை படப்போகிறது, தண்ணீர் படுமா என்று கேட்டுவிட்டு, சாம்பிளைக் கையில் வாங்கிப் பார்த்து முடிவெடுங்கள்.

வெளிச்சக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். வழவழப்பான பரப்பில் விழும் வெளிச்சம், வந்த சாய்வு எவ்வளவோ அதே சாய்வில் மறுபக்கம் திரும்பும். அதனால்தான் கிளாஸி டைலில் ஜன்னல் தெரிகிறது, டியூப் லைட் கோடாகத் தெரிகிறது. கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சொரசொரப்பு இருந்தாலே போதும், வெளிச்சம் நாலாபக்கமும் சிதறிவிடும். அது மேட். இதை அளக்க கிளாஸ் மீட்டர் என்ற கையடக்கக் கருவி உண்டு. பரப்பின் மேல் வைத்தால், பொதுவாக 60 டிகிரி சாய்வில் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதை எண்ணாகக் காட்டும். ஒளிவிலகல் எண் 1.567 உள்ள மெருகேற்றிய கருப்புக் கண்ணாடிக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிடுகிறார்கள். இந்த 100, நூறு சதவீதம் இல்லை. அந்தக் கண்ணாடியே 60 டிகிரியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் திருப்புகிறது. அதனால் முகம் பார்க்கும் கண்ணாடியை அளந்தால் எண் நூறை எங்கோ தாண்டிப் போகும். எண் 70க்கு மேலே போனால் 20 டிகிரியிலும், 10க்குக் கீழே இறங்கினால் 85 டிகிரியிலும் மறுபடி அளப்பது வழக்கம். காகிதத் தொழிலில் 75 டிகிரி.

வட அமெரிக்காவின் மாஸ்டர் பெயின்டர்ஸ் இன்ஸ்டிடியூட் பெயின்ட் பளபளப்பை ஏழு படிகளாக வகுத்திருக்கிறது. முதல் படி மேட், 60 டிகிரியில் 5ஐத் தாண்டாது. ஐந்தாம் படியான செமி கிளாஸ் 35 முதல் 70 வரை, ஆறாம் படி 70 முதல் 85 வரை, அதற்கும் மேலே போனால் ஹை கிளாஸ். நம் ஊர் டப்பாக்களில் இப்படி ஒரு ஒழுங்கை எதிர்பார்க்க வேண்டாம். ஷீன், சாட்டின், சில்க், எக்‌ஷெல் என்று நடுவில் இருக்கும் பெயர்களெல்லாம் அந்தந்த கம்பெனி வைத்துக்கொண்டவை. ஒரு கம்பெனியின் சாட்டின் இன்னொரு கம்பெனியின் செமி கிளாஸ் அளவுக்கு மின்னலாம். பாதி வீட்டுக்கு ஒரு கம்பெனி, மீதிக்கு வேறொன்று என்று வாங்குபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். பெயின்ட் கம்பெனிகளின் இணையதளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் டெக்னிக்கல் டேட்டா ஷீட் இருக்கும். அதில் பல சமயம் கிளாஸ் அளவு போட்டிருப்பார்கள். டீலரைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்.

பெயின்ட் டப்பாவுக்குள் இருப்பதை எளிதாகச் சொன்னால் மூன்று சரக்கு: நிறத்தூளும் நிரப்புத்தூளும், அவற்றைச் சுவரோடு பிடித்து வைக்கும் பிசின், இரண்டையும் இளக்கி வைத்திருக்கும் தண்ணீர் அல்லது தின்னர். பிசின் தாராளமாக இருந்தால், காய்ந்த பிறகு தூள் முழுவதும் அதற்குள் மூழ்கி, மேலே வழவழப்பான தோல் ஒன்று படியும். கிளாஸி கிடைப்பது இப்படித்தான். தூள் மிஞ்சி பிசின் குறைந்தால், தூள் மணிகள் மேலே தலைநீட்டும். அது மேட். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. கிளாஸி சுவரில் குழந்தை கிறுக்கினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம், பிசின் தோல் காப்பாற்றும். மேட் சுவரில் அதே கிறுக்கலை அழுத்தித் தேய்த்தால் கறையோடு தலைநீட்டிய மணிகளும் மழுங்கி, அந்த இடம் மட்டும் திட்டாக மின்னும். சுவிட்ச் போர்டைச் சுற்றியும், சோபாவில் உட்கார்ந்தால் தலை சாயும் இடத்திலும் இந்தத் திட்டுகளைப் பல வீடுகளில் பார்க்கலாம். கறை போகவில்லையே என்று வருத்தப்படுவார்கள். கறை போயே போய்விட்டது, தெரிவது மெருகு.

அப்படியென்றால் எல்லாச் சுவருக்கும் கிளாஸி அடித்துவிடலாமே என்றால், கூடாது. கிளாஸி காட்டிக்கொடுக்கும். பட்டி பார்த்ததில் விட்டுப்போன அலை, எலெக்ட்ரீஷியன் வெட்டி மூடிய தடம், உப்புத்தாள் தேய்த்த வட்டம், எல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். "பெயின்ட் அடிச்சா மறைஞ்சிடும் சார்" என்று மேஸ்திரி சொல்வது மேட் விஷயத்தில் பெரும்பாலும் உண்மை. கிளாஸி விஷயத்தில் நேர் எதிர். பெயின்ட் அடித்த பிறகுதான் தெரியவே தொடங்கும். இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. பிரைமர் காய்ந்ததும், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். நிழல் விழும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். காலையில் மேஸ்திரி வந்ததும் அந்த வட்டங்களுக்கு மட்டும் மறுபடி பட்டி பார்த்து உப்புத்தாள் போடச் சொல்லலாம். வட்டங்கள் மிக அதிகமாக இருந்தால், சுவரோடு மல்லுக்கட்டாமல் மேட்டுக்கு மாறிவிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

என் சிபாரிசு: சீலிங்குக்கு மேட்டைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள். ஜிப்சம் போர்டு இணைப்புகள் இருந்தால் கட்டாயமாக. ஹாலிலும் படுக்கையறையிலும் நடுத்தரமான ஷீன் அல்லது சாட்டின், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் துடைக்கக்கூடிய ரகமாகப் பார்த்து. சமையலறையில் அடுப்பு மேடைப் பக்கமும் கதவு, ஜன்னல், கிரில்லுக்கும் கிளாஸி. சுவரில் ஆயில் பெயின்ட் அடிக்கும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஈரம் ஏறும் சுவராக இருந்தால் அது வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளும். இன்னொன்று, வெள்ளை ஆயில் எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சள் பூக்கும். அலமாரியின் உட்புறம், படம் மாட்டிய சுவரில் படத்துக்குப் பின்னால், பூஜை அறைக் கதவின் உள்பக்கம் இவையெல்லாம் சில வருடங்களில் பழுப்பாவது அதனால்தான். அழுக்கு என்று நினைத்துத் தேய்க்க வேண்டாம், போகாது. வெளிச்சுவர்களின் கதை வேறு. வெயில் பிசினைத் தின்னத் தின்ன, நிறம் வெளுப்பதற்கு முன்பே பளபளப்பு மங்கும். பிறகு கையால் தடவினால் சுண்ணாம்பு போல ஒட்டும். அந்தக் கட்டத்தில் மேலேயே புது பெயின்ட் அடித்தால் நிற்காது. கழுவி, பிரைமர் அடித்துத்தான் ஆக வேண்டும்.

டச்சப் செய்வதிலும் இரண்டுக்கும் ரொம்பத் தூரம். மேட் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டையை அடைத்து, மீதி வைத்திருந்த அதே பெயின்ட்டைத் தொட்டு வைத்தால் பெரும்பாலும் தெரியாது. கிளாஸியில் அந்த வேலை நடக்காது. நிறம் ஒன்றாகவே இருந்தாலும் விளிம்பு பளிச்சென்று தெரியும். மூலையில் தொடங்கி அடுத்த மூலை வரை முழுச் சுவரையும் அடிக்க வேண்டியிருக்கும்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். ஒரே ஷேட் நம்பரில் கிளாஸியும் மேட்டும் வாங்கினால் இரண்டு நிறம் போலத் தோன்றும். மேட் பரப்பில் சிதறும் வெள்ளொளி எல்லாக் கோணத்திலும் நிறத்தோடு கலந்து அதை வெளுக்கச் செய்கிறது. கிளாஸியில் அந்த வெள்ளொளி ஒரு திசையில் ஒதுங்கிவிடுவதால், மற்ற கோணங்களில் நிறம் ஆழமாகத் தெரிகிறது. கடையில் ஷேட் கார்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அடர் நீலம் சுவரில் வெளிறித் தெரிகிறது என்று சண்டைக்குப் போகிறவர்கள், கார்டு எந்த ஃபினிஷில் அச்சாகியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கிரானைட் யார்டில் பாலிஷ் போடாத பலகையைக் காட்டும்போது ஆள் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றுவாரே, அதுவும் இந்த வித்தைதான். தண்ணீர்ப் படலம் மேடுபள்ளத்தை நிரப்பி அதைத் தற்காலிகக் கிளாஸி ஆக்கிவிடுகிறது. பாலிஷ் போட்டால் வரப்போகும் நிறத்தை அப்போதே பார்த்துக்கொள்ளலாம். ஏமாற்று இல்லை, நல்ல பழக்கம். ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. சாம்பல் பாய்ந்த கல்லுக்குக் கருப்புச் சாயமோ எண்ணெயோ ஏற்றி, அசல் கருப்பு என்று விற்பது உண்டு. வெள்ளைத் துணியில் கொஞ்சம் அசிட்டோன் தொட்டு, மெருகேற்றிய முகத்தில் ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் கருப்பு ஒட்டினால் விட்டுவிடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் அசிட்டோன் உள்ள ரகமே போதும்.

கல்லின் பளபளப்பு மேலே பூசியது இல்லை. கரடு முதல் மிக நைஸ் வரை படிப்படியாகத் தேய்த்துத் தேய்த்து அந்தக் கல்லில் இருந்தே எடுத்தது. செட்டிநாட்டு வீடுகளின் பழைய சுவர்களும் அப்படித்தான். சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்து அடுக்கடுக்காகப் பூசி, தேய்த்து மெருகேற்றிய அந்தச் சுவர்களில் பெயின்ட்டே கிடையாது, ஆனால் கையை வைத்தால் வழுக்கும். ஆத்தங்குடித் தரைக்கல்லின் மெருகு இன்னும் சுவாரஸ்யம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து நிறச் சிமென்ட்டை ஊற்றுகிறார்கள். பூ விழும் முகம் கண்ணாடியோடு ஒட்டியே இறுகுவதால், பிரித்தெடுக்கும்போது கண்ணாடியின் வழவழப்பை வாங்கிக்கொண்டே வருகிறது. பூசிய பளபளப்பு தேய்ந்தால் போச்சு. தேய்த்து எடுத்த பளபளப்பை மறுபடி தேய்த்துக் கொண்டுவரலாம். எதை வாங்கினாலும், இது பூச்சா மெருகா என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

டைல்ஸில் நான் கறாராகச் சொல்வது: தண்ணீர் படும் தரையில் கிளாஸி வேண்டாம். குளியலறை, பால்கனி, கொடி கட்டும் மாடி, வாசல் போர்டிகோ, எங்கேயும். ஷோரூமில் ஏசி குளிரில் காய்ந்த தரையில் நடந்து பார்த்துவிட்டு "வழுக்கலையே" என்று சொல்வதில் பயன் இல்லை. டைலின் மேல் தண்ணீர் தெளிக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை அழுத்திப் பாருங்கள். இறக்குமதி டைல்களிலும் சில இந்திய டைல்களிலும் பெட்டியில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருக்கும். எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்வு வரை வழுக்காமல் நிற்கிறார் என்று பார்க்கும் ஜெர்மன் முறைச் சோதனை அது. ஆர் 9 பத்து டிகிரி வரைதான், ஆர் 11 என்றால் 19 முதல் 27 வரை. ஆர் 13 வரை போகும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் குளியலறைத் தரைக்கு ஆர் 11 இருந்தால் நிம்மதி. சுவருக்கு கிளாஸி தாராளமாகப் போடலாம், உப்புத் தண்ணீர்க் கறையைத் துடைக்க வசதி. ஹாலில் வெளிர் நிற கிளாஸி அழகுதான், வாசலுக்கு நேரே பெரிய ஜன்னல் இருந்தால் மட்டும் பகல் முழுவதும் கண் கூசும்.

மர வேலையில் ஒன்றே ஒன்று. பியூ பாலிஷ் மேட்டில் அடிக்கச் சொன்னால், அந்த டப்பாவில் பளபளப்பைக் கொல்வதற்காகவே நைஸான சிலிக்கா தூள் கலந்திருப்பார்கள். அது அடியில் தங்கும். கலக்காமல் மேலோட்டமாக எடுத்து அடித்தால் முதல் கதவு மின்னும், கடைசிக் கதவு மங்கும். வேலை தொடங்கும் முன்னும் நடுவிலும் அடிமட்டத்தில் இருந்து கலக்கச் சொல்லி நீங்களே நின்று பாருங்கள். சமையலறை ஷட்டருக்கு கிளாஸி அக்ரிலிக் போடுகிறவர்கள் விரல் ரேகை துடைக்க ஒரு மைக்ரோஃபைபர் துணியைக் கைப்பிடிப் பக்கத்திலேயே தொங்கவிட்டுக்கொள்ளவும். கருப்பு நிறம் என்றால் இரண்டு துணி.

இனி அச்சகம். ஆர்ட் பேப்பர் என்று நாம் சொல்வது, வெறும் காகிதத்தின் மேல் வெள்ளைக் களிமண்ணும் கால்சியம் கார்பனேட்டும் பூசி, உருளைகளுக்கு நடுவே அழுத்தி மெருகேற்றியது. மை உள்ளே உறிஞ்சப்படாமல் மேலேயே நிற்பதால் படம் துல்லியமாக விழும். அதையே அவ்வளவாக அழுத்தாமல் விட்டால் மேட் ஆர்ட் பேப்பர். பூச்சே இல்லாதது மேப்லித்தோ. படம் அதிகம் உள்ள பொருளுக்கு கிளாஸி, படிக்க வேண்டிய பொருளுக்கு மேப்லித்தோ என்பது பொது விதி. கவிதைத் தொகுப்பை 130 ஜிஎஸ்எம் கிளாஸி ஆர்ட் பேப்பரில் அடித்துக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு பக்கத்தைப் படிக்க புத்தகத்தை நாலு தடவை சாய்க்க வேண்டியிருக்கிறது.

கல்யாணப் பத்திரிகைக்குத்தான் அதிக யோசனை தேவை. கிளாஸி லேமினேஷன் என்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம். மஞ்சள் குழைத்து நாலு மூலையிலும் தடவினால் ஒட்டாது, திரண்டு நின்று கவரில் ஈஷும். பேனாவால் பெயர் எழுதினால் மை காயாது, எடுத்துக் கொடுக்கும்போது விரலில் வரும். பெரியவர்கள் மஞ்சள் வைத்துத்தான் கொடுப்போம் என்று நிற்கும் குடும்பமாக இருந்தால், பத்திரிகையின் வெளிமுகத்துக்கு மட்டும் லேமினேஷன் போட்டு உள்முகத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். கவருக்கு லேமினேஷனே வேண்டாம். வெறும் அட்டையாக விட்டால் பெயர் எழுத ஒரு இடம், மஞ்சள் வைக்க ஒரு இடம். பிள்ளையார் படத்துக்கோ பெயர்களுக்கோ மட்டும் மினுமினுப்பு வேண்டுமென்றால், மேட் லேமினேஷன் மேல் ஸ்பாட் யூவி போடலாம். மேட்டும் கிளாஸியும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போதுதான் இரண்டுமே எடுபடும். அடர் நிறத்தில் மேட் லேமினேஷன் போட்டால் கட்டுக் கட்டாக அடுக்கி எடுத்து வரும்போதே கீறல் விழுந்துவிடும், மெரூனும் கருநீலமும் அதில் மோசம். கனமான கோட்டட் அட்டையை மடிக்கும் இடத்தில் பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். மடிப்புக்கு முன்னால் கிரீசிங் போடுகிறார்களா என்று கேளுங்கள். மாதக் காலண்டர் அடிக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: பால் கணக்கும் கேஸ் வந்த தேதியும் எழுத இடமில்லாத காலண்டர் அந்த வீட்டுச் சுவரில் ஜனவரி தாண்டாது. மேலே படத்துக்கு கிளாஸி, தேதிக் கட்டங்களுக்கு எழுத வரும் தாள்.

அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்புகிறவர்கள் "கிளாஸியா இருக்கணும்" என்று தமிழில் எழுதினால் வேறொரு சிக்கல் வருகிறது. ஆங்கிலத்தில் மூன்று தனிச் சொற்கள் தமிழ் எழுத்தில் ஒன்றாகவே நின்றுவிடுகின்றன. பளபளப்பைக் குறிப்பது ஒன்று, கண்ணாடி போன்றது என்பது ஒன்று, நாசூக்கான உயர்ந்த ரசனை என்பது ஒன்று. மூன்றையும் நாம் கிளாஸி என்றே எழுதுகிறோம். வாடிக்கையாளர் அடக்கமான அழகை நினைத்து எழுத, அச்சகக்காரர் பளபள லேமினேஷன் போட்டு அனுப்புவார். சினிமா விமர்சனத்திலும் இதே கூத்து. "கிளாஸியான மேக்கிங்" என்று படித்தால், பாராட்டா, மேல்பூச்சு மட்டும் என்ற குத்தலா என்று புரியாது. ஆங்கிலத்தில் ஒரு படத்தையோ விளம்பரத்தையோ பளபளப்பைக் குறிக்கும் கிளாஸி என்று சொன்னால் பெரும்பாலும் உள்ளே ஒரு சின்ன இளக்காரம் இருக்கும். பத்திரிகைகளைச் சொல்லும்போது அவ்வளவு இல்லை. ஆர்ட் பேப்பரில் வரும் ஃபேஷன், வாழ்க்கைமுறை இதழ்களை பிரிட்டனில் பன்மையில் கிளாஸீஸ் என்றே பெயர்ச்சொல்லாகச் சொல்கிறார்கள்.

பொருள் விற்க ஆங்கிலத்தில் விவரம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: நாம் மின்னுகிற எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்லைப் போடுகிறோம், அவர்கள் போடுவதில்லை. பரந்த, வழவழப்பான, ஒரே சீரான மினுக்கத்துக்குத்தான் அது. முடி, குதிரையின் ரோமம், மாவிலை, கத்தரிக்காயின் தோல், பூச்சுப் போட்ட காகிதம், பெயின்ட். பள்ளிக்கரணையில் வந்திறங்கும் கிளாஸி ஐபிஸ் என்ற அரிவாள் மூக்குப் பறவைக்கு அந்தப் பெயர் வந்ததும், வெயில் படும்போது அதன் கரும்பழுப்பு இறகில் பச்சையும் ஊதாவுமாக ஓடும் மினுக்கத்தால்தான். நாணயத்துக்கும் வியர்த்த முகத்துக்கும் இஸ்திரி போட்டுப் போட்டுத் தேய்ந்த பேன்ட்டுக்கும் ஷைனி. கல் வைத்த வளையலுக்கும் ஜிகினாவுக்கும் கிலிட்டரிங். நாச்சியார்கோவில் குத்துவிளக்கை கிளாஸி என்று எழுதினால், மேலே ஏதோ லாக்கர் அடித்திருக்கிறார்கள் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் நினைக்க வாய்ப்புண்டு. உலோகத்துக்கு பாலிஷ்டு போதும். கண்களை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் கண்ணாடியைக் குறிக்கும் கிளாஸி என்று எழுதிவிடாதீர்கள். அது உயிரற்ற, வெறித்த பார்வை.

போட்டோவுக்கு வந்தால், ஆல்பத்தில் கை படுவதால் மேட் அல்லது லஸ்டர், சுவரில் கண்ணாடி போட்டு மாட்டுவதற்கும் மேட். கிளாஸி பிரின்ட்டை நேராகக் கண்ணாடியோடு ஒட்டி ஃப்ரேம் போட்டால், மழைக்கால ஈரத்தில் படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகம் கிழிந்து வரும். ஏற்கெனவே அப்படி ஒட்டிப்போன தாத்தா பாட்டி படம் வீட்டில் இருந்தால் பிரிக்கவே முயலாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யக் கொடுங்கள். புதிதாக ஃப்ரேம் போடும்போது படத்தைச் சுற்றி மவுன்ட் போர்டு வைக்கச் சொன்னால் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று நிற்கும்.

கணினித் திரை வாங்கும்போது மேசை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் மேட் திரை. விளக்கை நாமே கட்டுப்படுத்தக்கூடிய அறையில் படம் பார்க்கவென்றால் கிளாஸி, கருப்பு நன்றாக இறங்கும். பள்ளிக்கூடக் கரும்பலகை கிளாஸியாக இருந்தால் ஜன்னலோரப் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாது. கோவை இலை, ஊமத்தை இலை, அடுப்புக்கரி என்று அரைத்துப் பூசிய காலத்து வாத்தியார்கள் நல்ல மேட் செய்யத் தெரிந்தவர்கள்.

கடைசியாக மேட் நிற பைக்குகள். பழைய பளபள வண்டிக்குச் செய்ததையெல்லாம் இதற்கும் செய்து கெடுக்கிறார்கள். அதன் மேல்பூச்சின் சொரசொரப்புதான் மேட். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் அந்தச் சொரசொரப்பு மழுங்கி, டேங்கில் முழங்கால் அளவுக்கு ஒரு பளபளத் திட்டு நிரந்தரமாக நிற்கும். அதைத் திரும்ப மேட் ஆக்க ஒரே வழி அந்தப் பாகத்தை மறுபடி பெயின்ட் அடிப்பது. சாதாரண மெழுகு பாலிஷும் பள்ளங்களில் தங்கித் திட்டுத் திட்டாகும். மென்மையான ஷாம்பூ, தண்ணீர், ஒற்றி எடுக்க ஒரு துணி, அவ்வளவுதான். வாட்டர் சர்வீஸுக்கு வண்டியை விடும்போது "பாலிஷ் வேண்டாம், டீசல் அடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பையன் மறந்துவிடுவான் என்று தோன்றினால் டேங்க்கில் ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள், பசை விடாத டேப்பாகப் பார்த்து.